அது என் பாடு

பழவேற்காட்டு மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே கடல் என்னைக் குளிப்பாட்டிவிட்டது. அங்கே கப்பல் கரையை நெருங்க முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நாம்தான் சலங்கில் இறங்கிக் கரைக்குப் போகவேண்டும். சலங்கு என்பது பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும் என்றார்கள். வளைந்துதான் கொடுத்தது. கடைசி அலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எங்களைத் தண்ணீரில் கொட்டியது. கூட வந்த கப்பித்தானின் தொப்பி போயிற்று, என் தலைப்பாகையும் போயிற்று. படகோட்டிகள் எங்கள் இருவரையும் மூட்டை தூக்குவதுபோலத் தூக்கி மணலில் வைத்தார்கள்.

"இன்னா சாமி, இம்மாந்தண்ணிக்கே கண்ண மூடிகினீங்க?" என்று அவர்களில் ஒருவன் சிரித்தான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தால் மணல்தான் வந்தது.

நான் சென்னப்பட்டணத்துத் துபாஷி. இங்கிலீஷும் போர்த்துக்கீசும் பேசுவேன். வெள்ளைக்காரர் நம்மவரோடு பேரம் பேசும்போது நடுவில் நின்று வாயாடுவது என் பிழைப்பு. அந்த முறை என்னை அமர்த்தியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கப்பல் தலைவர். கப்பித்தான் என்றே எல்லாரும் அழைத்தோம். பழவேற்காட்டில் நெய்கிற சிவப்புக் கட்டம் போட்ட கைக்குட்டைக்கு அவர் ஊரில் அடித்துக்கொள்கிறார்களாம். பட்டணத்துக்கும் பழவேற்காட்டுக்கும் தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் எனக்கு அது அயல்நாடு. பட்டணத்தில் பறந்தது இங்கிலீஷ்காரன் கொடி. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் கொடி. அந்தக் கோட்டை இங்கிலீஷ்காரர் கைக்குப் போக இன்னும் சில வருஷம் இருந்தது. கொடி மாறினால் சட்டமும் மாறும்.

சட்டம் என்றால் கப்பித்தானுக்கு உயிர். கப்பலில் வரும்போதெல்லாம் அதே பேச்சுத்தான். இங்கிலீஷ்காரனைத் துரத்திவிட்டுத் தாங்களே ஒரு சட்டம் செய்துகொண்டார்களாம். அது போதாது என்று இப்போது புதிதாகப் பத்துத் திருத்தம் சேர்த்திருக்கிறார்களாம். ஒருவன் மனதில் பட்டதைப் பேசலாம், எந்தச் சாமியையும் கும்பிடலாம். வீட்டுக்காரன் சம்மதமில்லாமல் சிப்பாயைக் கொண்டுவந்து வீட்டில் தங்கவைக்க முடியாது. தகுந்த காரணமும் உத்தரவும் இல்லாமல் வீட்டுக்குள் புகுந்து பானையை உருட்ட முடியாது. குற்றம் சாட்டினால் அக்கம்பக்கத்து ஆட்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லவேண்டும். தன்மேல் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

"இதையெல்லாம் எழுதிவைக்கிற அளவுக்கு அங்கே யார் ஐயா பானையை உருட்டினார்கள்?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ்காரன்தான்" என்றார்.

அதை நான் உடனே நம்பினேன். அந்தச் சமயம் பார்த்து அவருடைய சமையல்காரன் தட்டோடு வந்தான். கறுத்த, உயரமான மனிதன். கப்பித்தான் அவனைத் தம்முடைய ஊர்ச் சந்தையில் வாங்கியதாக முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார். இந்தப் பத்தும் இவனுக்கும் உண்டா என்று கேட்டேன். அது வேறு விஷயம் என்று சொல்லிவிட்டுக் கப்பித்தான் ரொட்டியைப் பிய்த்தார். சமையல்காரன் காதில் விழாதவன்போல அடுத்த தட்டை எடுக்கப் போனான்.

ஊருக்குள் நாங்கள் தங்கியது துணி வியாபாரி உதுமான் மரைக்காயர் வீட்டில். நல்ல சாப்பாடு. மடவை மீன் குழம்பும், கை அகலத்துக்கு வறுத்த இறாலும், நெய்ச்சோறும் போட்டார். கப்பித்தான் இறாலைத் தலையோடு மென்று கண்ணில் நீர் வைத்துக்கொண்டார். பட்டணத்தில் இப்படிப்பட்ட இறாலுக்கு நான் காலையிலேயே எழுந்து சந்தையில் சண்டை போடவேண்டும். ஆனால் நெய்ச்சோற்றில் ஏதோ குறைந்தது. எனக்கு நாக்கு நீளம், கேட்டுவிட்டேன்.

"கிராம்பு இல்லீங்க" என்றார் மரைக்காயர். சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "இப்போ இந்த ஊர்ல அடுப்புல கிராம்பு வாசனை வந்தா ஆளைக் கொண்டுபோயிடுவாங்க."

விஷயம் இதுதான். ஒல்லாந்தருடைய சிறு கப்பல் ஒன்று முகத்துவாரத்து மணல்மேட்டில் தட்டி உடைந்துபோயிற்று. அதில் கிராம்புப் பெட்டிகள் இருந்தன. கிராம்பு என்றால் ஒல்லாந்தருக்குக் கண்ணின் மணி. அவர்களைத் தவிர வேறு யாரும் அதை விற்கக் கூடாது, மீறினால் தூக்கு. சில பெட்டிகள் கரை ஒதுங்கின, ஒரு பெட்டி காணவில்லை. சிப்பாய்கள் வீடு வீடாக மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் தறிகள் இருக்கும் ஊருக்கு ஏரி வழியாகப் போகலாம் என்று படகு பிடிக்கக் கோட்டைக்குப்பத்துக்குப் போனோம். குப்பம் போர் நடந்த இடம்போலக் கிடந்தது. சிப்பாய்கள் அன்று காலைதான் வந்து போயிருந்தார்கள். கூரை ஓலையைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கருவாட்டுப் பானைகளைத் தெருவில் கவிழ்த்திருந்தார்கள், நாய்கள் தின்றுகொண்டிருந்தன. ஒரு வீட்டில் தரையையே தோண்டியிருந்தார்கள். கப்பித்தான் முகத்தைச் சுளித்தார்.

"உங்கள் பத்தில் இது எத்தனையாவது?" என்றேன்.

"நாலாவது" என்றார்.

அப்போதுதான் ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். பெயர் பூங்காவனம். பிள்ளை இல்லாதவள் என்பதைப் பிறகு அவளே சொன்னாள். தலையை முடியாமல், அழுது வீங்கிய முகத்தோடு இருந்தாள். நான் துபாஷி என்ற செய்தி எனக்கு முன்பே குப்பத்துக்குப் போய்விட்டிருந்தது.

"சாமி, நீங்க வெள்ளக்காரன் பாச பேசுவீங்களாமே. எங்க வூட்டுக்காரு கோட்டையில கீறாரு. அவுரு சொன்னது ஒண்ணு, அங்க போய்ச் சேந்தது ஒண்ணு. நீங்க வந்து சொல்லணும் சாமி."

அவள் புருஷன் பெயர் ஏழுமலை. வலையில் கிராம்பு வாசனை அடித்தது என்று பிடித்துப் போயிருந்தார்கள். கப்பலோடு சில பெட்டிகளும் உடைந்து கிராம்பு தண்ணீரில் கலந்தபோது அவன் அங்கே வலை போட்டிருந்தான். வலையில் வாசனை ஏறாமல் என்ன செய்யும்? கோட்டையில் விசாரித்தபோது ஏழுமலை சொன்னது இவ்வளவுதான்: "அன்னிக்கு அது என் பாடுங்க. வேற யாருக்கும் அதுல பங்கு இல்ல."

எனக்குப் புரியவில்லை. பட்டணத்தில் 'அது என் பாடு' என்றால், அது என் காரியம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். கூடியிருந்தவர்கள் விளக்கினார்கள். ஏரியில் மீன் கிடைக்கும் இடங்களை இவர்கள் ஊர் கூடிப் பங்கு வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்த இடம் இந்த வீட்டுக்கு, நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு என்று முறை. அந்த முறைக்குப் பெயர் பாடு. ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை இறக்கினால் ஊரே திரண்டுவிடும். ஆக, அன்றைக்கு அந்த இடத்தில் மீன் பிடிக்கும் முறை தன்னுடையது, வேறு யாருக்கும் பங்கில்லை என்பதைத்தான் ஏழுமலை சொன்னான். கோட்டைத் துபாஷி தெற்கேயிருந்து வந்தவர். ஏரித் தொழிலை அறியாதவர். ஒல்லாந்தர் கோட்டையிலும் நம்மவரோடு பேச்செல்லாம் போர்த்துக்கீசில்தான். "அது என் காரியம்தான், வேறு யாருக்கும் அதில் பங்கில்லை" என்று சுத்தமான போர்த்துக்கீசில் மாற்றிச் சொல்லிவிட்டார். அதைவிடச் சுருக்கமான ஒப்புதல் வாக்குமூலம் எந்த நீதிபதிக்கும் கிடைக்காது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு சொல்லுக்காக ஒருவன் தூக்கில் தொங்கப்போகிறான். என் தொழிலும் சொல்தானே. வருகிறேன் என்றேன்.

மரைக்காயர் வேண்டாம் என்றார். "கைக்குட்டை வாங்க வந்தீங்க. வாங்கிட்டுப் போங்க" என்றார். அவர் பயந்ததில் தப்பில்லை. அவர் அங்கேயே இருக்கவேண்டியவர். ஆனால் மறுநாள் கோட்டையில் கப்பித்தானுக்கு விருந்து வைத்திருந்தார்கள். நானும் துணைக்குப் போகவேண்டியிருந்தது. பூங்காவனம் கோட்டை வாசல்வரை எங்கள் பின்னாலேயே வந்தாள்.

விருந்தில் வாத்துக்கறியும் ஊறுகாயும் ஒருவித நாற்றமெடுத்த பாற்கட்டியும் இருந்தன. கிராம்பு தாராளமாகப் போட்டிருந்தார்கள். வழக்கு விசாரிக்கும் துரை நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். சமயம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். பாடு என்றால் என்ன, முறை என்றால் என்ன என்று போர்த்துக்கீசில் விளக்கினேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். தன் துபாஷியைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த மனிதர் வியர்த்துப்போய், அப்படியும் பொருள் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். துரை வாய்விட்டுச் சிரித்தார். வாக்குமூலம் செல்லாது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

சிரித்து முடித்து அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியானால் அன்றைக்கு முழுக்க அந்த இடத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான். வேறு யாரும் அங்கே வலை போட முடியாது. நீர் சொன்னது அதுதானே? பெட்டியை எடுத்தவனை அவன் பார்க்காமல் இருக்கமாட்டான்."

நான் கட்டிய தர்க்கத்தை எடுத்து என் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

ஏழுமலையைக் கொண்டுவந்தார்கள். நடுத்தர வயது, தோள் அகன்ற மனிதன். நான் வாயைத் திறந்ததுமே எதற்கென்று அவனுக்குப் புரிந்துபோயிற்று. யார் எடுத்தது என்று சொன்னால் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்று துரை சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான். அவனுக்குத் தெரியும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

நான் கப்பித்தானைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கெஞ்சினேன். உங்கள் ஊரில் இவனை யாரும் பேசச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்றீர்களே. கப்பித்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது என் ஊர் இல்லை. நான் வியாபாரி" என்றார். ஆனாலும் மனசாட்சி உறுத்தியிருக்கவேண்டும். இப்படி ஒரு சட்டம் தம் நாட்டில் இருக்கிறது என்பதைக் கதைபோலத் துரையிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். துரைக்கு அது விருந்திலேயே பெரிய வேடிக்கையாக இருந்தது.

"குற்றம் நடந்தது தெரிந்தவன் வாயைத் திறக்காவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? மீனா?" என்றார்.

பிறகு அவனை உள்ளே கொண்டுபோனார்கள். கையைப் பின்னால் கட்டி, கயிற்றை உத்தரத்தில் போட்டு, ஆளை மேலே இழுப்பார்கள். தோள் பிசகும்வரை இழுப்பார்கள். இது அவர்கள் சட்டத்தில் உள்ளதுதான், ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. பேசினால் மொழிபெயர்க்கவேண்டும் என்று என்னைத் தாழ்வாரத்தில் நிற்கவைத்தார்கள். மொழிபெயர்ப்பதற்கு எதுவும் வரவில்லை. கத்தல் வந்தது. அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. தின்ற வாத்துக்கறியை நான் தாழ்வாரத்துத் தூண் ஓரம் வாந்தியெடுத்தேன்.

பட்டணத்தில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். அங்கேயும் சவுக்கு உண்டு. ஆனால் சவுக்கால் அடிப்பது அடிப்பதற்காக. இங்கே வாயைத் திறக்கவைப்பதற்காக அடித்தார்கள். ஒருவன் வாய்க்குள் கையைவிட்டுச் சொல்லைப் பிடுங்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் ஏழுமலைக்குச் சோறு கொடுக்கப் பூங்காவனத்துக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தேன். காவல்காரன் போர்த்துக்கீசு பேசுகிறவன். நான் கூட நின்றால் போதும் என்றான். போகும் வழியில் அவள் என் காலைப் பிடித்துவிட்டாள்.

"எடுத்தது எந்தம்பிதான் சாமி. கன்னியப்பன். பெட்டிய மணல்ல பொதச்சிட்டான். நாலு புள்ள அவனுக்கு. நானு அக்காக்காரி, எங்கையால எப்டிக் காட்டிக் குடுப்பேன்? நீங்க சொல்லிடுங்க. நீங்க வேத்தாளு. உங்க வாயால வந்தா அது பாவமில்ல."

கம்பிக்கு அந்தப் பக்கம் ஏழுமலை சுவரில் சாய்ந்திருந்தான். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. அவனால் தூக்க முடியவில்லை. பூங்காவனம் கம்பி வழியாகக் கையை நீட்டிச் சோற்றை ஊட்டினாள். குழம்பில் முள் எடுத்த மீன் இருந்தது. அவள் என்னிடம் கேட்டதை அவனிடம் மறைக்கவில்லை.

அவன் மென்று விழுங்கினான். "வேணாம் சாமி" என்றான். "அவன் போனா அந்தக் குடும்பமே போச்சி. நானு போனா ஒரு ஆளு."

"அப்போ நானு ஆளு இல்லியா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

அவன் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தான். அவள் ஊட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு அவன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் பாதி கோபம் இருக்கிறது.

தீர்ப்பு சீக்கிரமே வந்துவிட்டது. ஒப்புக்கொள்ளாதவனைத் தூக்கில் போட அவர்கள் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் சந்தேகம் இருக்கிறவனை அனுப்பிவிட இடம் கொடுக்கும். சங்கிலி போட்டுப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்ற உத்தரவாயிற்று. கடலுக்கு அப்பால் ஜாவாத் தீவில் இருக்கும் அந்த ஊரின் பெயர் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்களும் கடத்தப்பட்டவர்களும் இதே கரையிலிருந்துதான் அங்கே போனார்கள். திரும்பி வந்தவன் என்று ஒருவனையும் யாருக்கும் காட்டத் தெரியவில்லை. வாயைத் திறக்காததால் அவனுக்கு உயிர் மிஞ்சியது. அதற்குமேல் ஒன்றும் மிஞ்சவில்லை.

கப்பித்தானுக்கு வேண்டிய கைக்குட்டைகள் சேர்ந்துவிட்டன. சிவப்பு நன்றாக ஏறியிருந்தது, மனிதர் மகிழ்ந்துபோனார். அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. அப்படி ஒரு சட்டம் உலகத்தில் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். தெரியாமலே இருந்திருந்தால் அந்த ஊரைவிட்டுக் கொஞ்சம் நிம்மதியாகக் கிளம்பியிருப்பேன்.

கிளம்பிய அன்று காற்று மாறியிருந்தது. அலை அதிகம். ஒரே ஒரு சலங்குதான் துணிந்து போகும் என்றார்கள். எங்கள் கப்பலும் பத்தாவியா போகும் ஒல்லாந்தர் கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்தன. ஆகவே கப்பித்தானும் நானும் ஏறிய அதே படகில் ஏழுமலையையும் இரண்டு சிப்பாய்களோடு ஏற்றினார்கள். படகோட்டிகளைக் கோட்டையிலிருந்து பொறுக்கி அனுப்பியிருந்தார்கள். கோட்டை கூப்பிட்டால் குப்பத்து ஆட்கள் வந்துதான் ஆகவேண்டும். ஏழுமலைக்கு எதிரே துடுப்புப் போட உட்கார்ந்தவன் அவனைப் பார்க்காமலே தலையைக் குனிந்துகொண்டான்.

"கன்னியப்பா, அல வருது, பாத்துப் போடு" என்றான் ஏழுமலை.

அந்தப் பெயரைக் கேட்டதும் நான் துடுப்புக்காரனைத் திரும்பிப் பார்த்தேன். கரையில் பூங்காவனம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தம்பியைப் பார்த்தாளா, புருஷனைப் பார்த்தாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அலைகளைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்ததும் கன்னியப்பன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். படகு ஆடியது. மார்பில் அடித்துக்கொண்டு சிப்பாய்களைப் பார்த்துக் கத்தினான்.

"நாந்தாண்டா எடுத்தேன்! மாமன் இல்ல, நானு! பொதச்ச எடத்தக் காட்டறேன், என்னக் கொண்டுபோங்கடா!"

மற்றப் படகோட்டிகள் துடுப்பை நிறுத்திவிட்டார்கள். சிப்பாய்களுக்குத் தமிழ் தெரியாது. ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, "என்ன சொல்கிறான்?" என்று என்னைப் போர்த்துக்கீசில் கேட்டான். கப்பித்தானும் அதையே இங்கிலீஷில் கேட்டார். அந்தப் படகில் இரண்டு பக்கமும் புரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். "சாமி" என்றான். பிறகு தலையை மட்டும் இல்லை என்று அசைத்தான்.

"அலை பெரிதாக இருக்கிறதாம். எல்லாரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான்" என்றேன். அதையே இங்கிலீஷிலும் சொன்னேன்.

சிப்பாய் துப்பாக்கியை இறக்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கன்னியப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் என்ன சொன்னேன் என்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் யாரும் அவனைப் பிடிக்க வரவில்லை. பக்கத்திலிருந்தவன் அவனை இழுத்து உட்காரவைத்தான்.

ஒல்லாந்தர் கப்பலின் பக்கவாட்டில் கயிற்றேணி தொங்கியது. சிப்பாய் ஏழுமலையை ஏறச் சொன்னான். அவன் எழுந்து நின்றான்; கைகள் உயரவில்லை. சிப்பாய் ஒருமுறை அதட்டினான். பிறகு படகோட்டிகளில் பலசாலியாகப் பார்த்துக் கன்னியப்பனைக் கைகாட்டினான். கன்னியப்பன் குனிந்து தன் மாமனை முதுகில் ஏற்றி, சங்கிலியோடு சேர்த்துத் தலைப்பாகைத் துணியால் தன்னோடு கட்டிக்கொண்டான். ஒவ்வொரு படியாக ஏறினான். மேலே போய் முடிச்சை அவிழ்த்து ஆளை இறக்கிவிட்டான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக இறங்கி வந்தான். தன் இடத்தில் உட்கார்ந்து துடுப்பை எடுத்தான்.